எழுத்துப் பிழை இல்லாத கவச வண்டி

அன்பு மகள் ரொவீனாவுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் ஒரு தரமும் மழைக்குப் பின்னால் ஒரு தரமும் தன்னை நினைவூட்டுகிறது, நம் நார்ஃபோக்கில் இந்த இரண்டைத் தவிர வேறு பருவம் இல்லை என்பது உனக்கே தெரியும். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ஹாமிஷும் குட்டி ஃப்ளோராவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாய் திறக்க முடியாது. படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்தச் சுகத்தை இத்தனை வருடமும் என்னிடம் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தீர்கள்.

எங்கள் கவச வண்டி விஷயம்தான். சண்டையில் முன்னால் போய் வேவு பார்த்து வருவதற்காகச் செய்த வண்டி அது, என் வயதுதான் அதற்கும், என்னைப் போலவே காலையில் கிளம்பத் தகராறு செய்யும். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற செட்ரிக், தலைமையாசிரியராக இருந்து இன்னும் ஓய்வு பெற மறுக்கிற பேசில், நான், மூன்று பேரும் ஏழு வருடமாகப் பண்ணைக்கார மேலோஸ் அம்மாவின் கொட்டகையில் அதைப் பழுது பார்க்கிறோம். அதில் பாதிக் காலம் பச்சை நிறத்துக்கே போயிற்று. செட்ரிக் ஒரு பச்சை வாங்கி வருவார், பேசில் அதைப் பார்த்து, "யோவ், இது ராணுவப் பச்சை இல்லய்யா, பட்டாணிப் பச்சை" என்பார், மறுபடி சுரண்டுவோம். யார் கண்ணுக்கும் படக்கூடாது என்று கண்டுபிடித்த நிறத்தை, ஊரே பார்க்க வேண்டும் என்று இத்தனை தரம் பூசியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். செட்ரிக்கின் மனைவி மியூரியல் ஒரு நாள் கொட்டகை வாசலில் நின்று, "அந்தப் பெரிய யுத்தமே ஆறு வருஷத்துல முடிஞ்சுபோச்சு, நீங்க மூணு பேரும் ஏழு வருஷமா பெயின்ட் அடிக்கிறீங்க" என்றாள். செட்ரிக் அடுத்த பெயின்ட் டப்பாவைத் திறந்தார். வண்டிக்குள் தேநீர் போட ராணுவமே வைத்த கெண்டி ஒன்று இருக்கிறது, அதுதான் முதல் நாளிலிருந்து ஒழுங்காக வேலை செய்தது.

இதற்கு நடுவில் மேலோஸ் அம்மாவுக்கு அல்பாக்கா வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. ஒட்டகத்துக்கு ஆட்டுக் கம்பளி போர்த்தினால் எப்படி இருக்கும், அதுதான். கொட்டகை வேண்டும் என்றார். பேசில் கெஞ்சியதும், "கோடைத் திருவிழா அன்னைக்கு அந்தத் தகரத்தை ஊர்ப் புல்வெளியைச் சுத்தி ஒரு சுத்து கொண்டுவந்து காட்டுங்க, கொட்டகை உங்களுக்கு. இல்லேன்னா என் பிள்ளைங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் என்றது அல்பாக்காக்களை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, பாதிரியாரும்தான். உன் அம்மா போன பிறகு வீட்டில் என்னோடு பேசுவது கடிகாரம் மட்டும்தான், கொட்டகையில்தான் என்னை வில்ஃப் என்று பேர் சொல்லித் திட்ட ஆள் இருக்கிறது. கொட்டகை போனால் நியூசிலாந்துக்கே வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாய். உன் அன்பு புரிகிறது மகளே, ஆனால் அங்கே என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்.

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள நான் பெரில் டீச்சரிடம் போனதும் இந்த வண்டியால்தான். பழுது பார்க்கும் புத்தகத்தை பேசில்தான் உரக்கப் படிப்பார், புத்தகத்தில் இருப்பதைப் படிக்கிறாரா தன் மனதில் இருப்பதைப் படிக்கிறாரா என்று எனக்கு ஒரு சந்தேகம், அதைத் தீர்க்கத்தான் சேர்ந்தேன். படித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி. நான் எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துவிட்டு அவரே, "வில்ஃப், பின்னால இருக்கிற ரெண்டு மூடிக்கும் பேர் நீயே எழுது" என்றார். ரேடியேட்டருக்கு ஒரு மூடி, பெட்ரோல் தொட்டிக்கு ஒரு மூடி. ஓட்டுநர் இருக்கையில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தபடியே, "வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் பெட்ரோல்" என்றார். நான் வண்டியின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அவர் சொன்னபடியே வலது பக்கம் தண்ணீர் என்றும் இடது பக்கம் பெட்ரோல் என்றும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. பெரில் வந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டாள்.

திருவிழா அன்று காலையில் செட்ரிக் ஒரு கேன் தண்ணீரைத் தண்ணீர் என்று எழுதிய மூடியில் நிறைய ஊற்றினார். ஏழு வருடமாக இருட்டில்கூடத் தடவிக் கண்டுபிடிக்கிற மூடிதான் ரொவீனா. ஆனால் எழுதியாகிவிட்டது பார், இனிமேல் கை சொல்வதை யார் கேட்பார்கள். வண்டி உறுமிக்கொண்டு கொட்டகையை விட்டு வந்தது, தேவாலய வாசல்வரை வந்தது, இருமியது, புல்வெளி எதிரே தெரியும்போது நின்றுவிட்டது. பேசில் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள நாங்கள் தள்ளப் போனோம். பின்பக்கம் ஒரு ஆள் கை வைக்கத்தான் இடம், ஆகவே செட்ரிக் வண்டியில் கை வைத்தார், நான் செட்ரிக்கின் முதுகில் கை வைத்தேன். கெண்டி கொதித்து மேல் கதவு வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நாயோடு ஒருவர். நம் ஊரில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவர் நின்றால் மூன்றாவது ஆள் காரணம் கேட்பானா. "எதுக்குங்க நிக்கிறோம்" என்று நாய்க்காரர் மெல்லக் கேட்க, கூடைக்கார அம்மாள், "தெரியலைங்க, ஆவி வருது, டீயா இருக்கும்" என்றார். திரும்பிப் பார்த்தால் வரிசை தேவாலய மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது, கடைசியில் மேலோஸ் அம்மா, கையில் பர்ஸோடு.

செட்ரிக் பொறுக்க முடியாமல், "மன்னிக்கணும், இது டீ இல்ல, வண்டி தள்றதுக்கு" என்றார். ஒருவரும் போகவில்லை. "இவ்வளவு நேரம் நின்னாச்சு, எதுவானாலும் வாங்கிட்டுத்தான் போகணும்" என்றார் கூடைக்கார அம்மாள். சரி என்று வரிசைப்படியே தள்ளினார்கள். ஒருவர் வந்து தள்ளி, நன்றி சொல்லிவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். எல்லாரும் ஒன்றாகக் கை வைத்தால் முண்டியடித்தது போல் ஆகிவிடுமாம். வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. கடைசியில் மேலோஸ் அம்மாவுக்குத்தான் பொறுமை போயிற்று, என்ன கொடுக்கிறார்கள் என்றே தெரியாமல் பின்னாலிருந்து, "எல்லாரும் சேர்ந்து கை வைங்கய்யா, இல்லேன்னா என் முறை வர்றதுக்குள்ள இருட்டிடும்" என்று கத்தினார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். கயிறு கட்டி இழுத்தவர்கள் பாதி, பக்கத்தில் தள்ளியவர்கள் பாதி, புல்வெளியைச் சுற்றி வண்டி தேர் போல வந்தது. என்ன நடக்கிறது என்று மேலோஸ் அம்மாவுக்குப் புரிந்தபோது அவர் கையும் வண்டியின் மேல்தான் இருந்தது. "இஞ்சினே ஓடலையே" என்றார். "சுத்தி வரணும்னுதானே சொன்னீங்க, இஞ்சின் ஓடணும்னு சொல்லலையே" என்றார் பாதிரியார். அந்த அம்மா கிரீஸ் படிந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "நானே தள்ளிட்டேனே, இனி என்னத்தச் சொல்ல. டீயாவது குடுங்க" என்றார்.

கொட்டகை நமக்குத்தான் மகளே, இஞ்சின் ஓடாத குறைக்குப் பாதியை விட்டுக்கொடுத்தோம், பாதியில் அல்பாக்கா, பாதியில் நாங்கள். மறுநாள் பெட்ரோல் தொட்டியைத் திறந்து மோந்து பார்த்த பேசில் என்னிடம், "டேய் வில்ஃப், எந்தப் பக்கம் பாத்துடா உக்காந்திருந்த" என்று திட்டிய திட்டை எழுதப் பெரில் இன்னும் சொல்லித்தரவில்லை. நான் ஒன்றே ஒன்று சொன்னேன், எழுத்துப் பிழை இல்லை, இடம்தான் மாறிப்போயிற்று. படித்தவர்கள் என் எழுத்தை நம்பித் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். மேலோஸ் அம்மா கொட்டகைக் கதவுக்கு எந்தப் பாதி யாருக்கு என்று என்னையே பலகை எழுதச் சொல்லியிருக்கிறார், செட்ரிக் உள்ளே நின்று பார்ப்பதா வெளியே நின்று பார்ப்பதா என்று முதலில் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து இருங்கள், கடவுள் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார். ஃப்ளோராவைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. அவளுக்கு என் முத்தங்கள். உறையில் இரண்டு விலாசத்தையும் நானே எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம் உன்னுடையது, மறுபக்கம் என்னுடையது, தபால்தலையையும் பார்த்துத்தான் ஒட்டினேன். இந்தக் கடிதம் உனக்கு வராமல் எனக்கே வந்து சேர்ந்தால் கவலைப்படாதே, எழுத்துப் பிழை இருக்காது.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா
வில்ஃப்ரெட் தர்க்கெட்டில்