திரை இல்லாத கடை

இஞ்சாருங்கோ,

சோறும் சூடைமீன் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறன். பூனை வரும், கவனம். நான் உப்புவெளிக்கு அம்மாவிடம் போறன்.

நேற்று "நாளைக்குச் சனிக்கிழமை, எந்தக் கடைக்குப் போவம்?" என்று கேட்டீங்கள். நான் வழக்கம்போல "உங்கட விருப்பம்" என்றன். "உனக்கு வாயே இல்லையா?" என்று கோபித்துக்கொண்டு படுத்திட்டீங்கள். வாய் இருக்கு. உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஏலாது.

நீங்கள் கூட்டிப்போற கடைகளில் என்னைத் திரை போட்ட குடும்ப அறையில் இருத்திவிட்டு, "இந்தா வாறன்" என்று துறைமுகச் சிநேகிதரிட்டப் போறீங்கள். வெளியில் உங்கட சிரிப்புக் கேட்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியச் சாப்பிடுவன்.

கடற்கரையடி ரொட்டிக்கடைக்குப் போவம். அங்கே திரை இல்லை. ஒரே ஒரு மேசைதான். சிநேகிதர் வந்தாலும் நீங்கள் எனக்கு முன்னால்தான் இருக்கவேணும்.

மக்டலின்

வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்காவிடம் குடுங்கோ. நீங்கள் போட நீலச் சேட்டு கதிரையில் மடித்து இருக்கு.

சம்மதமெண்டால் இண்டைக்குப் பின்னேரம் நான் திரும்பி வரேக்க பஸ் நிலையத்துக்கு வாங்கோ. வராவிட்டாலும் கோபமில்லை. இரவுக்கு நீங்கள் சிநேகிதரோட வெளியில் சாப்பிட்டால், மத்தியானக் குழம்பில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ; நான் வந்து சாப்பிடுவன்.