சித்தப்பா நடந்த ஒன்பது வருடங்கள்

இல்லை, சித்தப்பா, இன்னும் அனுப்பவில்லை. இங்கே சான் ரமோன் பக்கத்துத் தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். எழுதி நான்கு நாட்களாகின்றன. "இங்கிலாந்துக் காவல்துறையில் நேரடியாக அதிகாரியாகச் சேர்ந்தார்" என்று தொடங்கியிருக்கிறேன்.

முதல் வரியே பொய்.

அங்கே எல்லோரும் கான்ஸ்டபிளாகத்தான் தொடங்க வேண்டும் என்பீர்கள். நீங்கள் ஒன்பது வருடம் மழையில் தெருத்தெருவாக நடந்தீர்கள். பிறகு சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர் என்று படிப்படியாக. ஓய்வுபெறும்போது நூற்றுக்கணக்கானவர்கள் உங்களுக்குக் கீழே. நம் வீட்டில் அந்தக் கடைசிப் பதவியை மட்டும்தான் பேசினோம். அப்பா ஊரெல்லாம் "லண்டன் ஐ.பி.எஸ்." என்று சொல்லிவைத்திருந்தார்.

சான் ரமோனில் எங்கள் புதுமனை புகுவிழா ஞாபகமிருக்கிறதா? இறந்தவர்களுக்கு எதுவரை ஞாபகமிருக்கும்? மில்பிடாஸிலிருந்து வந்திருந்த ராஜி ஆன்ட்டி கேசரித் தட்டோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், அங்க டைரக்டா ஆபீஸராவே ஜாயின் பண்ணீங்களா?"

"இல்லம்மா, கான்ஸ்டபிள். நடந்து நடந்து முட்டி போனதுதான் மிச்சம்."

"ஐயோ, நம்மூர் கான்ஸ்டபிள் மாதிரியா? டீக்கடையில ஓசி டீ எல்லாம் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். எனக்கு மட்டும் முகம் எரிந்தது. என் கணவரின் அலுவலக நண்பர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, அவர் ஜோக் பண்றார். எக்ஸாம் கிளியர் பண்ணி ஆபீஸராவே போனவர்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமில்லை. அளப்பது போல ஒரு பார்வை. பிறகு ஆன்ட்டியிடம் திரும்பி, "ஆமாம்மா, ஜோக்குதான்" என்றீர்கள்.

முப்பது வருடம் நீதிமன்றங்களில் சத்தியம் செய்து சாட்சி சொன்னவர். பொய்ச்சாட்சி சொன்ன சகா ஒருவரை விசாரித்து வேலையிலிருந்து அனுப்பியதால், பாதி நண்பர்களை இழந்தவர். என் வீட்டுக் கூடத்தில், என் மானத்துக்காக, பொய் சொன்னீர்கள்.

மறுநாள் உங்களை விமானநிலையத்தில் விடப் போனேன். ஃப்ரீவே முழுக்க வெயிலைப் பற்றியே பேசினீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தீர்களா? நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் போய்விட்டீர்கள். கிரீன் கார்டு வேலை பாக்கியிருக்கிறது, இறுதிச் சடங்குக்கு நாட்டைவிட்டு வர முடியாது என்று சித்தியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. உங்களோடு வேலை செய்தவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இப்போது அதே பொய்யை அச்சிலும் ஏற்றப் பார்த்தேன். மலரைத் தொகுப்பவர் ராஜி ஆன்ட்டி. கான்ஸ்டபிள் என்று எழுதினால், அன்று பொய் சொன்னது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான்கு நாட்களாக இதுதான் என் பயம். உங்கள் பெயரைப் பற்றிய கவலைகூட இல்லை, பாருங்கள்.

இனி உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு நாளைக்கூட நான் எடுக்க மாட்டேன், சித்தப்பா.

உங்களைப் பொய்யராக்கிய,
உங்கள் அண்ணன் மகள்
வித்யா

இதை எழுதியதும் ராஜி ஆன்ட்டியை போனில் கூப்பிட்டேன். அன்று ஜோக் எதுவும் இல்லை, பொய் சொன்னது நான் என்றேன். மலருக்கான பக்கத்தின் முதல் வரியை மாற்றி அனுப்பினேன்.