நவாசாப் பிரபுவின் சட்டை

1857 அக்டோபர் 4, டாம் மாரி, ஹெய்ட்டி

காலையில் மழை. மதியம் என் வாய். இரண்டில் எது அதிகச் சேதம் செய்தது என்று இனிமேல்தான் தெரியும்.

அக்கா மகள் ரோசிலியாவைத் தன் மகனுக்குக் கேட்டுக் காப்பி வியாபாரி டோர்சன்வில் வந்திருந்தார். அவர் உட்கார்ந்த தோரணையில் எங்கள் நாற்காலியே கூசிப் போயிருக்கும். "தகப்பன் இல்லாத பொண்ணு. கூட என்ன வரும்?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தீவு வரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

முழுப் பொய் இல்லை. நவாசாத் தீவுக்கு ஒன்பது வருஷமாக மீன் பிடிக்கப் போகிறேன். அங்கே ஆறு ஆடு விட்டிருக்கிறேன் (அவரிடம் அறுபது என்றேன்). உச்சியில் கம்பு நட்டு என் நீலச் சட்டையைக் கட்டியிருக்கிறேன். வேறென்ன வேண்டும்? நம் சக்கரவர்த்தி கண்ட பேருக்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார். எனக்கு மட்டும் மறந்துவிட்டார். அதனால் நானே ஒன்றை எடுத்துக்கொண்டேன் – நவாசாப் பிரபு.

டோர்சன்வில் கண்ணைச் சுருக்கினார். "அப்போ கல்யாண விருந்துக்கு அந்தத் தீவு ஆடே வரட்டும். ஆடு வந்தா கல்யாணம்."

அவர் போனதும் ரோசிலியா வந்தாள்.

"மாமா, ஆடு நிஜமா?"

"நிஜம்டி."

"தீவு?"

"அதுவும் நிஜம்."

"உன்னுதா?"

எனக்கு இருமல் வந்துவிட்டது.

அக்டோபர் 7

காற்று சரியில்லை. படகுக்காரன் கிளெர்வில் நாளை என்கிறான். நேற்றும் நாளை என்றான். ரோசிலியா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தைப் பார்க்கிறேன்.

அக்டோபர் 10

போய் வந்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கயிற்றில் ஏறியதால்.

பாறை உச்சியில் கொடி பறந்தது. என் சட்டையைக் காணோம்! கோடு போட்ட துணி, மூலையில் நட்சத்திரம். கீழே நாலு அமெரிக்கர்கள், ஒரு ஜமைக்காச் சமையற்காரன். அவன் சட்டியில் கொதித்தது என் ஆடு. கொம்பை வைத்தே அடையாளம் கண்டேன்.

"என் தீவுல உங்களுக்கு என்ன வேலை?" என்று கத்தினேன். பாறை அதிர்ந்தது. (பறவைகள் பறந்தன என்று வைத்துக்கொள்வோம்.)

சமையற்காரன் ஒபதையாவுக்கு நம் பேச்சு தெரியும். "கோவப்படாதீங்க அண்ணே. இவங்க உரத்துக்குப் பறவை எச்சம் அள்ள வந்திருக்காங்க. அவங்க ஊரு வயலெல்லாம் சத்துச் செத்துக் கெடக்கு. யாருக்கும் சொந்தமில்லாத தீவுல எச்சம் இருந்தா எடுத்துக்கலாம்னு சட்டமே போட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மூன்று வருஷம் முன்பு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவன் ஒருவன் என்னோடு உட்கார்ந்து குடித்தான். "அடுத்த வீட்டு விவகாரத்துல தலையிடாதேன்னு எங்க பெரியவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்க ஊரு எங்களுக்குப் போதும்" என்றான். அப்படிச் சொன்ன தேசம் கடல் தாண்டிக் காலை எங்கே வைக்கிறது பார்! எச்சத்தின் மேல். வழுக்காதா? அவர்கள் புத்தகத்தில் நம் ஹெய்ட்டி ஒரு நாடே இல்லையாம். நம் பறவை எச்சம் மட்டும் அதில் இருக்கிறது.

இந்த நாலு பேருக்குத் தலைவன் ஒரு சிவப்புத் தாடிக்காரன். "இங்க கொடி எதுவும் இல்லையே, ஒரு பழைய சட்டைதான் இருந்துச்சுங்கிறார்" என்றான் ஒபதையா.

"உங்களுது நட்டு எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"என்னுது ஒம்பது வருஷம் பறந்தது. பொத்தான் வேற இருந்துச்சு."

கிளெர்வில் காதில் கிசுகிசுத்தான்: "நீ நட்டப்போ பறவைகளக் கேட்டியா?" இவனை ஏன் கூட்டிப் போனேன்?

பிறகு தாடிக்காரன் காகிதமும் பேனாவும் எடுத்தான். ரொம்ப மரியாதையாக, பெட்டியின் மேல் உட்காரவைத்தான். இங்கே வேறு யாராவது வருவார்களா? உங்கள் அரசாங்கத்து ஆள் எவராவது?

நான் விடுவேனா! "என்னைத் தவிர ஒருத்தன் கால் வைக்க மாட்டான். அதிகாரி கிடையாது, சிப்பாய் கிடையாது. சக்கரவர்த்தி கப்பலே இந்தப் பக்கம் வந்ததில்ல. இங்க சட்டம்னா நான்தான். எழுதிக்கச் சொல்லு!"

ஒபதையா என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எல்லாத்தையும் சொல்லவா அண்ணே?"

"ஒரு எழுத்து விடாம."

தாடிக்காரன் சந்தோஷமாக எழுதினான். கீழே 'மெரிலியூஸ், நவாசாப் பிரபு' என்று வால் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் ஐந்து ஆட்டையும் அவர்களே கயிறு கட்டி இறக்கிக் கொடுத்தார்கள். கை குலுக்கினார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது கரை தெரிந்ததும் கிளெர்வில் சொன்னான்: "அங்க நம்ம அரசாங்கம் வந்ததே இல்லைன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. அவனுக்கு வேண்டியது அதுதான்டா, மடையா."

அக்டோபர் 11

தூக்கம் இல்லை. ஆடுகள் கத்தின – அதனால்தான்.

நவம்பர் 21

கல்யாணம்! ஐந்து ஆடும் விருந்தாயின. டோர்சன்வில் கரும்புச் சாராயக் கோப்பையை உயர்த்தி, "நவாசாப் பிரபு வாழ்க" என்றார். ரோசிலியா ஆடின ஆட்டத்தில் பந்தல் ஆடியது. ஒரு தீவு போனால் என்ன? கிளெர்வில்லை மட்டும் பார்க்காமல் இருந்தேன்.

1858 மே 2

சக்கரவர்த்தியின் இரண்டு போர்க்கப்பல்கள் நவாசாவுக்குப் போயிருக்கின்றன, அமெரிக்கர்களை விரட்ட. இப்போதுதான் தீவு ஞாபகம் வந்ததா இவர்களுக்கு? போன வருஷம் எங்கே போயிருந்தீர்கள்? ஒரே ஒரு சிப்பாய், ஒரே ஒரு நாள் வந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?

சொல்லியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 19

இன்று சந்தையில் ஓர் அதிகாரி. தோளில் தங்கச் சரிகை. கையில் என் காகிதத்தின் நகல், நம் பாஷையில்; தாடிக்காரன் நம் கப்பல்காரர்களிடம் நீட்டியதாம். உரக்கப் படித்தான். நம் அரசாங்கம் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை என்று சாட்சி சொன்ன துரோகி, நவாசாப் பிரபு மெரிலியூஸ் என்பவன், இந்த ஊரில் எவன்?

எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அதைவிட நேராகவே பார்த்திருக்கலாம். ரோசிலியா, வயிற்றுப்பிள்ளைக்காரி, வாழைக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். என்னை மறைக்கவாம்.

டோர்சன்வில் தொண்டையைச் செருமினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"பிரபுவா? எங்க ஊர்ல ஏதுங்க பிரபு? மெரிலியூஸ்னு இவரு ஒருத்தர் இருக்காரு. சம்பந்தி. வாயத் திறந்தா பொய். போன மாசம் சுறாமேல உக்காந்து ஜமைக்கா போய் வந்தேன்னாரு. இவரு சொன்னத நம்பி ஒரு தீவை எடுத்துக்கிட்டான்னா, அந்த அமெரிக்கக்காரனத்தான் நீங்க சிறையில போடணும்."

சந்தையே சிரித்தது. அதிகாரி என்னிடம் வந்தான். "நீ நவாசாவுக்குப் போயிருக்கியா?"

ஒன்பது வருஷம். ஆடு, சட்டை, கம்பு எல்லாம் வாய் வரை வந்தன.

"கடலே எனக்கு ஆகாதுங்க ஐயா. வாந்தி வரும்" என்றேன்.

அவன் போய்விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சிறியதாக்கிச் சொன்னேன். பெரியதாக்குவதைவிட அது கஷ்டம்.

1859 ஜனவரி 1

சுதந்திர நாள். எல்லார் வீட்டிலும் பூசணிக்காய் சூப். நம் கப்பல்கள் போன வருஷமே திரும்பிவிட்டன. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்து நின்றதாம், அதனால். கிளெர்வில் சொல்கிறான், எச்சம் மூட்டை மூட்டையாக வடக்கே போகிறது.

சூப் குடித்தபின் டோர்சன்வில் கதை கேட்டார். சுறாக் கதை சொன்னேன். இந்தத் தடவை இரண்டு சுறா. அமெரிக்காவுக்கே ஒரு தீவைத் தூக்கிக் கொடுத்த மனிதன் நான். என்னிடம் இருப்பதில் துளியும் ஜோடனை இல்லாத பெரிய கதை அது ஒன்றுதான். அதை எங்கேயும் சொல்ல முடியாது.

கிளம்பும்போது ரோசிலியா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஒரு பொட்டலம் கொடுத்தாள். நீலத்துணியில் புதுச் சட்டை, அவளே தைத்தது.

"மாமா, இதையாவது உடம்புல போட்டுக்க. கம்புல கட்டாத."

போட்டுக்கொண்டேன். தோளில் கொஞ்சம் இறுக்கம். அளவு சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.