அன்று யார் பார்த்துக்கொண்டிருந்தது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம், என் வலது முழங்காலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீ அங்கே சுகமா என்று எழுது. போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அது நல்ல ம்-மா கெட்ட ம்-மா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் பாதியில், லிப்ட் நின்னுடுச்சாம், கூப்பிடறாங்கம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், நான் படித்த படிப்பு அவ்வளவுதான். பெரியவளிடம் கொடுத்துத் திருத்தி வாங்கலாம் என்று பார்த்தேன், ஆனால் இது பிள்ளை படிக்கிற விஷயம் இல்லை. பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. சின்னவனுக்குத் தாடையில் தையல் பிரித்தாகிவிட்டது, தழும்பு ஒரு அரிசி நீளம்கூட இருக்காது, ஆனால் படியில் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரிடமும் தலையை அண்ணாந்து காட்டிக்கொண்டு திரிகிறான்.

உன் பெண்டாட்டி சுகம் என்று மேலே எழுதியது உடம்பைப் பற்றி. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சின்னவன் விழுந்த அன்று சாயங்காலம் நீ போன் செய்து, கொஞ்ச நாள் அந்தக் கேமராவ எடுத்து உள்ள வை, முதல்ல பிள்ளையப் பாரு என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. எப்படி விழுந்தான் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சரி என்றாள். கேமராவின் வாரில் பட்டிருந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்து, துண்டில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் கம்பளிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வைத்தது வைத்ததுதான், இன்றுவரை எடுக்கவில்லை. நூலகத்துச் சுவரில் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் படங்களை மாட்டப்போகிறார்களே, அதற்குப் படங்களோடு கொடுத்திருந்த பெயரையும் அடித்துவிடச் சொல்லிவிட்டாள்.

நான் அவள் பக்கம் பேசுகிறேன் என்று சந்தோஷப்படாதே, வருத்தமும் படாதே. எனக்கும் அவளுக்கும் உள்ளது வேறே, அது தீரவில்லை. வந்த முதல் வாரமே என் உப்பு ஜாடியை எனக்கு எட்டாத தட்டில் ஏற்றியவள் அவள். போன வருஷம் என் முழங்கால் வீங்கி, பாத்திரம் தேய்க்காமல் போட்டிருந்த தொட்டியை, எச்சில் தட்டோடும் கரி பிடித்த பால் பாத்திரத்தோடும் படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, இது உங்க வீட்டு நசுங்கின தூக்குதானே என்று அடையாளம் கண்டுபிடித்தாள். என் மானம் போயிற்று. நான் அந்த வாரம் முழுக்க உன் பெண்டாட்டியிடம் பேசவில்லை, வேண்டியதைப் பெரியவள் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டேன். வெளிச்சத்தப் பாருங்க அத்தை, தண்ணி மேல எப்படி விழுது என்றாள். நான் பார்த்தேன். தேய்க்காத பாத்திரம்தான் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்காக நடக்காததை நடந்ததாகச் சொல்ல நான் விடமாட்டேன்.

அவள் என்ன செய்கிறாள் என்று உனக்குச் சரியாகத் தெரியாது, நீ வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. மருந்துக் கடையில் நின்று வேலை பார்த்தவள், சின்னவன் பிறந்ததும் நின்றுவிட்டாள். அவள் அண்ணன் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவளிடம் தந்தான், அதுதான் ஆரம்பம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்லி எடுக்கிற படம் இல்லை. காயப்போட்ட காலுறை, சின்னவனின் காது, என் முழங்காலில் கட்டியிருக்கும் துணி, இப்படி. அடுப்பில் ஏதாவது கொதிக்கிற நேரத்தில் எடுப்பாள், பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் எடுப்பாள். அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிப் பெரியவள் கையில் கொடுத்து, இந்தப் பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம், அசையாதே என்று வெளிச்சத்தைத் தள்ளச் சொல்லுவாள், அவளும் என்னமோ பெரிய உத்தியோகம் மாதிரி நிற்பாள். செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி, தையல்காரம்மா கொடுக்கிற துண்டுத்துணியை மாவுப்பசை போட்டு ஒட்டி, என் இஸ்திரிப் பெட்டியை மேலே பாரம் வைத்து, படத்துக்குச் சட்டம் செய்வாள். மூலை மடிப்பதில் அவ்வளவு சுத்தம், நானே பிரித்துப் பார்த்தேன், பிசிறு இல்லை. மிச்சப் படங்களை மடித்து மடித்துச் சின்னவனுக்குப் புத்தகமாக ஒட்டிக் கொடுப்பாள். இதற்கு நடுவில் ஒரு நாளாவது இந்த வீட்டில் சாப்பாடு நேரம் தவறியது என்று நான் உனக்குச் சொன்னேனா. தவறியிருந்தால் நான் சொல்லாமல் இருக்கிற ஆளா.

இப்போது அன்று நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி விடுமுறை. காலையில் நல்ல மழை, மத்தியானம் விட்டது. உன் அக்கா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெயில் அடித்தது. பால்கனியில் கொடித்துணி சொட்டிக்கொண்டிருந்தது. உன் பெண்டாட்டி கேமராவை எடுத்துக்கொண்டு உன் அக்காவிடம் வந்து நின்று, அண்ணி, சின்னவனக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா, இந்த வெளிச்சம் போயிடும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போனாள், இது முக்கியம். உன் அக்கா, போ போ, நான் என்ன அவன முழுங்கிடவா போறேன் என்றாள். இவள் சிரித்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் சின்னவன் முக்காலியை இழுத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போகிறான். நான் எழுந்திருக்க முடியாமல் அங்கிருந்தே, ஏய், அங்க பாரு, ஏறறான் என்று கத்தினேன். உன் அக்கா தலையைத் தூக்காமல், ம்ம், பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன் என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ சிநேகிதி வாங்கிய வீட்டின் படங்களை. பச்சைப் பெயின்ட் அடித்த சமையலறை. அதற்கு முன்னால்தான் என்னிடம் காட்டி, இது ஒரு கலரா என்று கேட்டாள். முக்காலி சாய்ந்தது, தாடை அலமாரி விளிம்பில் பட்டது. உன் பெண்டாட்டி ஓடி வந்தாள், கழுத்தில் கேமரா. அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், படியிறங்கித் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கேமரா கழுத்திலேயே ஆடிக்கொண்டு போயிற்று, அதை எடுத்து வைக்க நினைப்பு இருந்தால்தானே. அங்கே நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, வேலைல இருந்து நேரா வரீங்களா என்று கேட்டாளாம். இவர்கள் தையல் போட்டுத் திரும்பி வருவதற்குள் உன் அக்கா உனக்குப் போன் செய்து, பிள்ளை விழும்போது இவள் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள் என்று சொல்லி முடித்துவிட்டாள். நான் அப்போது குளியலறையில் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தேன், வெந்நீர்ப் பை திறந்து கொட்டிவிட்டது. இல்லையென்றால் போனைப் பிடுங்கியிருப்பேன்.

உன் அக்கா சின்ன வயதிலேயே அப்படித்தான். என் முகம் பார்க்கிற கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்றாள். நம் வீட்டில் பூனையே கிடையாது. நீ அதை நம்பி, கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பூனையைத் தேடினாய். இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாய்.

போன வாரம் உன் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா, உனக்கு வயசாயிடுச்சு, ஒண்ண இன்னொண்ணோட சேத்துக்குற என்றாள். நான் பச்சைச் சமையலறையைச் சொன்னேன், அந்தப் படத்தில் ஜன்னலில் இருந்த மஞ்சள் பூந்தொட்டியையும் சொன்னேன். அப்புறம், தம்பி கேட்டான், பதட்டத்துல வாய்ல வந்ததச் சொல்லிட்டேன் என்றாள். தம்பி கேட்கவில்லை, நீதான் கூப்பிட்டாய் என்றேன். வைத்துவிட்டாள். அவளும் உன்னை மாதிரிதான், போனை வைக்க நன்றாகத் தெரியும். உன் பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்காக நீங்க சண்ட போட வேண்டாம் அத்தை என்றாள். உனக்காக யாரு போட்டா, என் கண்ணு முன்னாடி நடந்தத மாத்திச் சொன்னா எனக்குப் பொறுக்காது என்றேன். அதற்கு அவள், நான் அவன் பக்கத்துல இல்லங்கறது உண்மைதானே, கேமராவத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன் என்கிறாள். குரல் மாறவில்லை, கண்ணில் தண்ணீர் இல்லை, மடித்த துண்டையே திரும்பப் பிரித்து மடிக்கிறாள். நீ சொன்னதை அவள் நம்பிவிட்டாள். குளிக்கப் போயிருந்தாலும் அவன் விழுந்திருப்பான், அப்ப குளிக்கறத நிறுத்திடுவியா என்று கேட்டேன். துண்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

உன்னையும் அதையே கேட்கிறேன். அந்த நேரத்தில் நீ எங்கேயோ ஒரு லிப்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருப்பாய். உன் ஸ்பேனரை எடுத்து உள்ளே வை என்று யாராவது சொன்னார்களா. அது சம்பளம் வருகிற வேலை என்பாய். இருக்கட்டும். அவள் ஒரு ஆளிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் தன் கண்ணைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஒப்படைத்தது உன் கூடப்பிறந்தவளிடம், தெருவில் போகிறவர்களிடம் இல்லை. இப்போது வீடு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. பாத்திரம் கிடப்பதில்லை, தரை பளபளக்கிறது, அவள் சின்னவனை விட்டு ஒரு கை தூரம் நகர்வதில்லை, அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறாள். அவன் எரிச்சலாகி அவளைத் தள்ளுகிறான். தாடையைத் தூக்கிக்கொண்டு, அம்மா, இதப் படம் எடு என்று நின்றால், அப்புறம் என்கிறாள். துண்டுத்துணி மூட்டையைக் கொண்டுபோய்த் தையல்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மா மேலே ஏறி வந்து, இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, எனக்குத்தான் குப்பையாச்சே என்று என்னிடம் சத்தம் போட்டாள். மூட்டை இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

நேற்று நான் நூலகத்துக்கு நடந்தே போனேன், முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அங்கே இருக்கிற அம்மாவிடம், இன்னாருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே, நீங்க யாரு என்றாள். அந்தப் பாத்திரத் தொட்டி என்னோடது என்றேன். அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்து, நீங்கதானா, அத நடுவுல மாட்டணும்னு வச்சிருந்தோம் என்றாள். நடுவில் மாட்டப்போகிறார்களாம், பார்த்துக்கொள். அப்படியும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றாள். நான் போய் வந்தது உன் பெண்டாட்டிக்குத் தெரியாது, நான் சொல்லப்போவதும் இல்லை. நான் சொன்னால் எடுக்கமாட்டாள். கேமராவை உள்ளே வைக்கச் சொன்னது நீ.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. பிள்ளைகளைக் கேட்காதே, என்னையும் கேட்காதே, அவளிடம் பேசு. சரி, எடுத்துக்கோ என்று சொல்லிவிடாதே, அது அவள் அண்ணன் கொடுத்தது, எடுத்துக்கொள்ளச் சொல்ல நீ யார். வேண்டுமானால் எடு, வேண்டாமென்றால் விடு என்று பெரிய மனுஷன் மாதிரியும் பேசாதே. என்ன நடந்ததுன்னு கேக்காம சொல்லிட்டேன், நான் சொன்னது தப்பு என்று சொல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எடுப்பதும் எடுக்காததும் அவள் பாடு.

உங்களைப் பெறுவதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், வீட்டுச் சாவி காணாமல் போயிற்று. உன் அப்பா அவர் அண்ணன் தம்பிகள் முன்னால், இவகிட்டதான் குடுத்தேன், எங்கயோ போட்டுட்டா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டை உடைத்து உள்ளே போனோம். சாவி அவருடைய மழைக்கோட்டுப் பையில் இருந்தது, நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. உங்களை வளர்த்தார், என்னை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை, ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுகூட, இப்போதாவது சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. இன்றைக்கும் சுவரில் அவர் படத்தைத் துடைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மழைக்கோட்டுதான். உன் பெண்டாட்டி சின்னப் பெண். ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, அவளுக்கு முன்னால் நிறைய வருஷம் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கொள், மாட்டினேன் என்று பொய் சொல்லாதே. கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அடுப்பை அணைத்த பிறகு.

இப்படிக்கு
உன் அம்மா