அத்தானுக்குக் கொடுத்த பிரதி

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சினன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். அக்காவுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பாப்பா நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா பார்க்காமல் தூக்கிப் போடக் கூடாது என்று அதை ஒரு பழைய லென்ஸ் மூடிக்குள் வைத்திருக்கிறாள்.

போனில் பேசாமல் இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். ஸ்டுடியோ மின்னஞ்சலை அக்காதான் முதலில் திறக்கிறாள். உங்களோடு அறையில் தங்கியிருப்பவர் விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்புகிறார், அதனால் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவர் பிரித்திருந்தால் அது என் தப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புது இசை அரங்கத்தில் அக்கா எடுத்த புகைப்படம் வெளியே போனது உங்களுக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு முன்னால் யார் கண்ணிலும் படக் கூடாது என்று சொல்லித்தான் கட்டிடக் கலைஞர் அக்காவை உள்ளே விட்டார். கண்ணாடிக் கூரையிலிருந்து கொட்டும் வெயிலும் கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் கிடக்கும் இருட்டும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே படத்தில் வர வேண்டும். அதற்காக அவள் முக்காலியை அசைக்காமல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுத்து எடுத்துச் சேர்த்தாள். அந்தப் படம் இப்போது ஒரு விளக்கு நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடக்கிறது. கட்டிடக் கலைஞர் அதைக் கொண்டுவந்து அக்கா மேசையில் வைத்தார். "நம்பித்தானேம்மா சாவியக் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. எந்தப் பிரதி வெளியே போனது என்று திங்கட்கிழமை அவருக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கட்டிடங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும். அவரே நம்பாத ஆளை இந்தத் தொழிலில் வேறு யார் உள்ளே விடுவார்கள்?

அன்றைக்கு அக்கா அழுதுகொண்டே உங்களைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது. "நீதான் யாருக்காவது அனுப்பித் தொலைச்சிருப்ப. நல்லா யோசிச்சுப் பாரு" என்றீர்கள். அன்றிலிருந்து அவள் அனுப்பிய மின்னஞ்சலையெல்லாம் தோண்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, எனக்கு மறதி ஏதாவது வந்துடுச்சா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

படம் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் இருந்தது. அதை இறக்கி வாட்டர்மார்க்கைத் தேடினேன். நாம் கொடுக்கும் ஒவ்வொரு பிரதிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சொல்லை ஒளித்து வைக்கிறோம் என்பதும், ஆளுக்கு ஒரு சொல் என்பதும் உங்களுக்குத் தெரியும். அது பழைய முறையில் எங்கே உடைந்தது என்பதும் தெரியும். இவ்வளவு வெளிச்ச வித்தியாசம் உள்ள படத்தைச் சாதாரணத் திரைக்காகச் சுருக்கினால் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தைச் சொல்லும் எண்களெல்லாம் நசுங்கிவிடும், உள்ளே வைத்த சொல்லும் கூடவே போய்விடும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே சோதித்தோம், ஒவ்வொரு தடவையும் வெறும் குப்பைதானே வந்தது. அந்தத் தைரியத்தில்தான் சுருக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். மூலக் கோப்பைக் கொடுக்காமல் ஜாக்கிரதையாக இருந்ததாக நினைத்திருப்பீர்கள்.

நீங்கள் வேலைக்காக அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியபடி ஒன்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? "எவ்வளவு நசுக்கினாலும் பக்கத்துல பக்கத்துல இருக்கற புள்ளில எது பிரகாசம்ங்கற வரிசை மாறாதுல்ல? அதுல ஒளிச்சு வைடா." அதைத்தான் செய்தேன். எண்களை விட்டுவிட்டு வரிசைக்குள் வைத்தேன். சுருக்கினாலும் ஓரத்தை வெட்டினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். பெரிதாக ஒரு நாள் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் அரங்கத்து வேலை வந்துவிட்டது.

கட்டிடக் கலைஞரின் பிரதிக்கு 'கூரை', அச்சகத்துக்கு 'மை' என்று வைத்திருந்தோம். நீங்கள் பார்ப்பதற்காக அனுப்பும் பிரதிக்கு அடையாளம் எதற்கு, வீட்டு ஆள்தானே என்றேன். அக்காதான் கேட்கவில்லை. "எல்லாருக்கும் போடும்போது அவருக்கு மட்டும் போடலன்னா கோவிச்சுக்குவாரு" என்று சிரித்துக்கொண்டே அவளே தட்டச்சு செய்தாள். என்ன சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை இழுத்தபடி அவள் உங்களை எப்படிக் கூப்பிடுவாள்?

ஒளித்த சொல்லைத் தேடும் கணினி நிரல் ஓடி முடிந்ததும் திரையில் அதுதான் வந்தது. தூங்குமூஞ்சி. நிரலில்தான் தப்பு என்று நினைத்தேன். நான் எழுதிய நிரலில் தப்பு இருக்காது என்று எல்லோரிடமும் சண்டை போடுகிறவன், முதல் தடவையாகத் தப்பு இருக்கட்டும் என்று வரிக்கு வரி தேடினேன். ஒன்றும் இல்லை.

ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. யாரிடமோ நல்ல பெயர் வாங்கவா, வேலை மாறவா, எனக்கு அது வேண்டாம். கொடுத்ததைக்கூட ஒருவேளை மறந்துவிடுவேன். கொடுத்துவிட்டு, அழுகிறவளிடம் நல்லா யோசிச்சுப் பாரு என்று சொன்னீர்களே, அதை எந்த நிரலை எழுதி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த வாய் அது.

திங்கட்கிழமை அறிக்கையை நான் மாற்றி எழுத மாட்டேன். மாற்றினால் பழி அக்கா தலையில் விழும். அந்தச் சொல்லைப் படித்தால் கட்டிடக் கலைஞருக்கு ஒன்றும் புரியாது. ஏதோ ரகசியச் சொல் என்று தாளைத் திருப்புவார். நாங்கள் உட்காரும் அந்த அறையில் அது புரியப்போவது ஒரே ஒருத்திக்குத்தான். அங்கே, அவர் முன்னால், அதை அவள் படிக்க வேண்டாம் அத்தான்.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உங்கள் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுங்கள். நான் பாப்பாவை அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். எடுத்ததும் வழக்கம்போல் "சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டதும் அவள் குரல் மாறிவிடும், அப்புறம் உங்களால் சொல்ல முடியாது. முதலில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவள் போனை வைக்காமல் இருந்தால், சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மச்சினன்