பச்சைக் கல்லும் பசையும்

மார்ச் 4
தூசி தட்டும்போது கை தவறிவிட்டது. அவர் சேர்த்துவைத்த கற்களிலேயே செல்லமான பச்சைக் கல் — வெள்ளைப் படிகக் கொத்தின்மேல் விரல் மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அதுதான் — அடியோடு பெயர்ந்து தரையில் கிடந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாண நாளை மறப்பார், இந்தக் கல்லை வாங்கிய நாளை மறக்க மாட்டார். இரண்டு டியூப் பசையைக் கலந்து ஒட்டி, காயும்வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு நேரம் அசையாமல் வைத்திருந்ததில்லை.

மார்ச் 5
கண்டுபிடிக்கவில்லை. பூதக்கண்ணாடியும் கையுமாக அலைகிற மனுஷன்!

மார்ச் 19
ஊதா விளக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். இருட்டில் அடித்தால், கல்லில் பசை இருக்கும் இடம் பளிச்சென்று தெரியுமாம்; ஒட்டிய கல்லுக்கு மதிப்பே இல்லையாம். நல்லவேளை, குறி எங்கள் அலமாரி இல்லை, பல் டாக்டர். ஞாயிறுதோறும் வந்து இவரோடு கல் கதை பேசும் ஒரே ஜீவன்.
"அவரோட சிவப்புக் கல்லு ஒட்டுனதுதான். நாலு பேர் முன்னாடி காட்டுறேன் பாரு."
தன்னுடையதைச் சோதிக்கவில்லை. "நான் பாத்து வாங்கினதுக்கு எதுக்கு லைட்டு?" என்று பெருமை வேறு.

மார்ச் 23
டாக்டர் வீட்டில் கல் சேர்ப்பவர்கள் கூட்டம். அறையை இருட்டாக்கி இவர் விளக்கை அடித்தார். சிவப்புக் கல்லின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.
"பல்லுக்குத்தான் சிமெண்ட் வைப்பீங்கனு நெனச்சேன் டாக்டர்!"
எல்லோரும் சிரித்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க," என்று மட்டும் சொன்னார் டாக்டர். பாவமாக இருந்தது. வீடு வரும்வரை இவருக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 30
ஞாயிறு. டாக்டர் வரவில்லை. "வராட்டிப் போகட்டும். நேர்மைனு ஒண்ணு இருக்குல்ல?" நேர்மை அடிக்கொருதரம் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தது.

ஏப்ரல் 2
பொழுது போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு தன் கற்களுக்கே விளக்கு அடித்துப் பார்க்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.
பேயறைந்த மாதிரி வெளியே வந்தார்.
"என்னங்க?"
"ஒண்ணுமில்ல. லைட்டு ரிப்பேர்."
விற்றவன் ஏமாத்திட்டான்னு நெனச்சுக்கிட்டார் போல! சொல்லிடலாமா? — சொன்னா என் கதி?
சொல்லவில்லை.

ஏப்ரல் 6
காலையிலேயே டாக்டருக்கு போன் போட்டார். "ஒட்டுனதா இருந்தா என்ன டாக்டர், கல்லு அழகாத்தானே இருக்கு? நான் அன்னைக்குப் பேசினது தப்பு. வாங்க." இந்த ஞானம் இரண்டு டியூப் பசையில் வந்தது.
டாக்டர் வந்தார். பச்சைக் கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்களது மாதிரி ஒட்டு இல்லாத கல்லு எனக்குக் கிடைக்கலையே."
இவர் அவசரமாக என் பக்கம் திரும்பி, "காபி கொண்டா," என்றார்.
சர்க்கரையைத் தாராளமாகவே போட்டேன், இரண்டு பேருக்கும்.