படகில் வைத்த பஞ்சு மெத்தை

என் செல்வியின் அப்பாவுக்கு, விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் ஓட்டிய ரோந்துப் படகுக்குப் புது இருக்கைகள் வந்திருக்கின்றன. அடியில் பைக்கில் இருக்கிற மாதிரி ஷாக் அப்சார்பர். வேகமாகப் போகையில் படகு அலைமேல் எழும்பித் தொப்பென்று விழுமே, அந்த அடியை அது வாங்கிக்கொள்ளுமாம். உங்களோடு படகில் வேலை பார்த்த அந்தோணிதான் போனில் சொன்னான்.

"நீங்க தச்ச மெத்தையையும் மேல போட்டிருக்கேன் மதினி, அண்ணன் ஞாபகமா. சீட்டு மாட்ட வந்தவரு அத எடுன்னு சண்ட பிடிக்காரு."

ஏனாம் என்று கேட்டேன். மெத்தை சட்டென்று அமுங்கிவிடும், பிறகு உடம்பு பலகையில் போய் மோதும், வெறும் பலகையைவிட அடி பலமாக விழும் என்றாராம்.

என் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக் கணக்கின் ஓரத்தில் உங்கள் உடம்பையும் எழுதி வைப்பேனே. முழங்காலை லேசாக மடக்கி, நின்றுகொண்டே ஓட்டிய வருடங்களில் 'முட்டு வலி' என்றுதான் இருக்கிறது. அது பொறுக்காமல்தான் நம் கரிசல் காட்டில் விளைந்த பருத்தியை அடைத்து மெத்தை தைத்தேன். "நிக்காதீங்க, இதுல உக்காந்து ஓட்டுங்க" என்றேன். அடுத்த மாதத்திலிருந்து 'முதுகு', 'முதுகு', 'முதுகு'. பிறகு அந்த ஒரு அலை. முதுகெலும்பு நொறுங்கிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

வெள்ளிதோறும் முருகனிடம் அலையைக் குறைக்கச் சொல்லித்தான் வேண்டினேன். நின்றவரை உட்கார வைத்தது நானல்லவா?

நேற்று பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போனேன்.

"அதக் குடுத்துரு தம்பி. ஒங்க அண்ணன் முதுக ஒடிச்சது அதுதான்."

"போங்க மதினி! அதுல உக்கார நாங்க அடிச்சுக்கிடுவோம். அண்ணன் ஒருத்தரையும் தொட விடமாட்டாரு" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வலிக்குன்னா தூக்கிப் போட வேண்டியதுதானேன்னு ஒருநா அண்ணன்ட்ட கேட்டேன். 'அவ தச்சது, கெடக்கட்டும்லே'ன்னாரு."

தெரிந்தேதான் உட்கார்ந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்வேனா?

மெத்தையை மடியில் வைத்துக்கொண்டே கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். பஞ்சு இறுகிக் கல்லாகக் கிடக்கிறது. உங்கள் படத்துக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

அந்தப் படகுக்குப் புதிதாக யார் வந்தாலும் அந்தோணி எனக்குச் சொல்வான். நான் இதைத் தூக்கிக்கொண்டு போய், உங்கள் முதுகை ஒடித்தது இதுதான் என்று காட்டுவேன். தைத்தவள் நான்தான் என்று வெட்கப்படாமல் சொல்வேன். வலித்தால் வீட்டில் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றும் சொல்வேன். இது முருகன்மேல் ஆணை.

உங்களை உட்காரச் சொன்ன,
செல்வியின் அம்மா